மரமில்லாச் சேணம்

மனிதன் குதிரையின் முதுகில் ஏறி உட்கார்ந்து சில ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன. இதற்குள் வில் போய்த் துப்பாக்கி வந்தது, தேர் போய்க் கார் வந்தது. ஆனால் குதிரையைவிட்டு இறங்காமலேயே குதிரைக்காக மனமுருக முடியும் என்கிற மகத்தான உண்மை மட்டும் யாருக்கும் தட்டுப்படவில்லை. அதைக் கண்டுபிடித்து மனித குலத்துக்கு வழங்கிய பெருமை நகரக் குதிரையேற்றச் சங்கத்தையே சேரும். அந்த வரலாற்றுத் தருணத்தில் பக்கத்தில் கோப்பை ஏந்தி நின்றவர் சங்கத்தின் செயலாளர். தேநீர்க் கோப்பை அல்ல, கோப்பு. தேநீர் தலைவருக்கு மட்டும்தான் வந்திருந்தது.

செயலாளர் குடிநீர் வாரியத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குதிரை என்றால் அவருக்குப் பயம். நல்ல குதிரை, முரட்டுக் குதிரை என்ற பாகுபாடெல்லாம் அவர் பார்ப்பதில்லை. எல்லாக் குதிரைகளிடமும் சமமாகப் பயப்படுவார். அவருடைய அறையிலிருந்து லாயத்தைப் பார்க்க ஒரு ஜன்னல் இருந்தது. அந்த ஜன்னல் வழியாகவே குதிரைகளை நிர்வகித்து வந்தார்.

பயப்படுகிறவர் அங்கே ஏன் போனார் என்றால், ஓய்வு பெற்ற புதிதில் வீட்டில் அவர் பேச்சைக் கேட்க ஆளில்லை. மனைவி மருத்துவமனையில் தலைமைச் செவிலி. அவள் வேலைக்குப் போனபின் அவரும் குளிர்சாதனப் பெட்டியும்தான் வீட்டில். இரண்டில் குளிர்சாதனப் பெட்டியாவது அவ்வப்போது உறுமும். அந்த நேரத்தில்தான் சங்கத் தலைவர் கூப்பிட்டு ஓர் அறையைக் கொடுத்தார். கண்ணாடி போட்ட மேசை, சுழலும் நாற்காலி, மேசைமேல் ஒரு மணி. அடித்தால் ஆள் வரும். மணி அடித்ததும் ஆள் வருவது எவ்வளவு பெரிய பாக்கியம் என்பது, அடித்தும் வராத வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் புரியும். அன்று முதல் செயலாளர் தலைவரின் ஆள்.

தலைவர் ஓடு தயாரிக்கும் தொழிற்சாலையின் முதலாளி. தராசில் ஏறினால் முள் நூற்றுப் பத்தைத் தாண்டும். மரியாதை கருதி அதை யாரும் வாய்விட்டுப் படிப்பதில்லை. மலைப்பகுதியில் நடந்த 'குதிரையும் நானும்' என்ற முகாமுக்குப் போய்விட்டு வந்தவர், மறுநாள் காலை செயலாளரை அழைத்தார்.

"சேணத்துக்குள்ள என்ன இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?"

செயலாளர் யோசித்தார். "தோல் இருக்கும் சார். பஞ்சு இருக்கும். ஆணி கொஞ்சம்."

"மரம்," என்றார் தலைவர், சாவுச் செய்தி சொல்கிற குரலில். "உள்ள ஒரு மரச்சட்டம் இருக்கு. எனக்கும் என் குதிரைக்கும் நடுவுல இத்தனை வருஷமா ஒரு கட்டை. நான் அவளைத் தொட்டதே இல்லைன்னு அங்க போய்த்தான் புரிஞ்சுது."

"அடடா. இனிமே என்ன சார் பண்றது?"

"மரமில்லாச் சேணம். ரோமத்தோட இருக்கற செம்மறித் தோல். சட்டம் கிடையாது, கட்டை கிடையாது. என் உடம்பு, அவ உடம்பு, நடுவுல மேகம் மாதிரி மெத்துன்னு ஒண்ணு. அவ்வளவுதான்."

செயலாளர் மனக்கண்ணில் அந்த மேகத்தைப் பார்த்தார். அதன்மேல் தலைவரை வைத்துப் பார்த்தார். மேகத்துக்குக் கீழே என்ன ஆகும் என்று ஒரு கணம் தோன்றியது. கண்காணிப்பாளராக இருந்த பழக்கத்தில், தோன்றியதை உடனே மறந்தார்.

செயற்குழு கூடியது. சங்கத்தின் செடிவளர்ப்புப் பிரிவை நடத்தும் அம்மையார் முதலில் எழுந்து, மரம் வெட்டாமல் சேணம் செய்வது வரவேற்கத்தக்கது என்றார். தலைவர் இதை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் வந்த புகழை வாசலில் நிற்கவைக்கிற வழக்கம் அவருக்கு இல்லை. "அதான் என் முதல் நோக்கமே," என்றார். அந்த நொடியிலிருந்து தீர்மானம் குதிரையோடு காட்டையும் சேர்த்துக் காப்பாற்றத் தொடங்கியது.

உறுப்பினர்களில் ஒரு வழக்கறிஞர் இருந்தார். தொழில் தோஷம், கேள்வி கேட்டுவிட்டார்.

"குதிரைக்கு இரக்கம் காட்டறோம், சரி. ஆட்டுக்கு?"

பதில் சொல்ல எழுந்தவர் தலைவர் முகாமிலிருந்து கையோடு அழைத்து வந்த 'குதிரை உள்ளுணர்வு ஆலோசகர்'. நீண்ட முடியைப் பின்னால் குதிரைவாலாகக் கட்டியிருந்தார். அந்தத் துறையில் அவருக்கிருந்த தகுதிகளில் கண்ணால் பார்க்க முடிந்தது அது ஒன்றுதான்.

"ஆடு தோலை இழக்கலை," என்றார் கண்களை மூடி. "நம்மகிட்ட ஒப்படைச்சிருக்கு."

"ஒப்படைக்கும்போது உயிரோட இருந்துச்சா?"

"உயிர்ங்கறது ஒரு பயணம்."

இப்படியொரு வாதத்தை வழக்கறிஞர் எந்த நீதிமன்றத்திலும் சந்தித்ததில்லை. உட்கார்ந்துவிட்டார். ஆடுகளின் 'பங்களிப்பை' நினைந்து அனைவரும் எழுந்து மௌனமாக நின்றார்கள். மூட்டுவலி காரணமாகத் தலைவர் மட்டும் அமர்ந்தபடியே அஞ்சலி செலுத்தினார். அமர்ந்திருந்தது மாதிரிக்கு வந்த ஆட்டுத்தோலின் மேல்.

கடைசியாகக் குதிரைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரைக் கேட்டார்கள். அந்தப் பெண்மணி சங்கத்தில் பேசுவது அபூர்வம். பேசினால் முழு வாக்கியமாகப் பேசுவார். அதுதான் அவர் செய்த தவறு.

"மரச்சட்டம் எதுக்குன்னா, ஏறி உட்கார்றவங்க கனம் நேரா முதுகெலும்பு மேல விழாம ரெண்டு பக்கமும் பிரிச்சு விடத்தான். எடை கம்மியானவங்க, அடியில நல்ல விரிப்பு போட்டுக் கொஞ்ச நேரம் ஓட்டினாங்கன்னா இந்தச் சேணம் நல்லாவே இருக்கும். ஆனா கனமானவங்க தினமும்—"

"நல்லாவே இருக்கும்னு டாக்டரே சொல்லிட்டாங்க," என்றார் தலைவர். கைதட்டல் எழுந்தது. வாக்கியத்தின் மிச்சம் அந்தக் கைதட்டலுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. முதலில் தட்டியவர் செயலாளர். அவருக்கு மிச்சமும் காதில் விழுந்திருந்தது.

பழைய சேணங்களைத் தேநீர் அறைச் சுவரில் மாட்டி, ஒவ்வொன்றுக்கும் தனி விளக்குப் போட்டு, 'கொடுமையின் நினைவுச் சின்னங்கள்' என்று பலகை வைத்தார்கள். உறுப்பினர்கள் அதன் கீழே பிஸ்கட் சாப்பிட்டபடி வெட்கப்பட்டார்கள்.

செயலாளர் ஒரு புதுச் சேணத்தை வீட்டுக்குக் கொண்டுபோனார். காட்டிப் பெருமைப்படத்தான். பணி முடிந்து வந்திருந்த மனைவி அதைச் சோபாவில் போட்டு உட்கார்ந்து பார்த்தாள்.

"நல்லா மெத்துன்னுதான் இருக்குங்க," என்றாள்.

"குதிரைக்காகச் செஞ்சது."

"உட்கார்றது குதிரையா?"

"கிண்டல் பண்ணாத. ரோமம் ரெண்டு பக்கமும் இருக்கு பாரு. அதுக்கும் மெத்துன்னுதான் இருக்கும்."

அவள் கையை அடியில் விட்டு அழுத்திப் பார்த்தாள். "எங்க வார்டுல தண்ணி மெத்தை, காத்து மெத்தை எல்லாம் இருக்கு. ஆனாலும் அசையாம ஒரே பக்கமாப் படுத்திருந்தா எலும்பு இருக்கற இடத்துல புண்ணு வருது. பாரம் ஒரே எலும்பு மேல விழுந்தா, நடுவுல பூவைப் போட்டாலும் ஒண்ணுதாங்க. உங்க தலைவர் எத்தனை கிலோ?"

"அது சங்க விவகாரம்," என்றார் செயலாளர்.

புதிய யுகம் தொடங்கியது. தலைவருக்கென்று இருந்தது சீமாட்டி என்ற பெண்குதிரை. அகன்ற முதுகு, சாம்பல் நிறம், சாதுவான குணம். மற்றக் குதிரைகள் செயலாளரின் ஜன்னலைப் பார்த்துக் கனைக்கும். அவள் மட்டும் தலையை உள்ளே நீட்டி, மேசைமேல் இருப்பதை ஆர்வத்துடன் பார்த்துவிட்டுப் போவாள். அவளுக்கு மட்டும் செயலாளர் கொஞ்சம் குறைவாகப் பயந்தார்.

தலைவர் தினமும் காலையில் அவள்மேல் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டு சுற்றினார். "அவ முதுகெலும்பை ஒவ்வொண்ணா என்னால உணர முடியுது," என்று பரவசப்பட்டார். அவளும் அவரை உணர்ந்துகொண்டுதான் இருந்தாள். சில நாட்களில் காதுகளைப் பின்னுக்கு மடக்கினாள். "உள்நோக்கிக் கேட்கறா," என்று விளக்கினார் ஆலோசகர். வாலை விசிறியடித்தாள். "காத்துல எழுதறா." சேணத்தைக் கொண்டுவந்தால் சுவரோரம் ஒதுங்கினாள். "தனிமையைத் தேடறா, நல்ல அறிகுறி." ஒருநாள் ஆலோசகரின் தோளைக் கடித்தாள். அவர் இரண்டு நாள் வரவில்லை. வந்தபோது கட்டோடு வந்து, "உரையாடல் தொடங்கியாச்சு," என்றார்.

உரையாடலில் அவள் தரப்பை மொழிபெயர்க்க ஒரு நாள் மருத்துவர் வந்தார். செயலாளரின் அறைக்கு வந்து, "சார், ஒரு நிமிஷம் லாயத்துக்கு வாங்க," என்றார்.

"ஜன்னல்லருந்தே பார்க்கறேனே டாக்டர்."

"ஜன்னல்லருந்து தெரியாது."

போனார். சீமாட்டியின் நடுமுதுகில் உள்ளங்கை அளவுக்கு ரோமம் உதிர்ந்து, தோல் சிவந்து, கசிந்துகொண்டிருந்தது. மருத்துவர் புண்ணைத் தொடவில்லை. அதற்கு ஒரு சாண் தள்ளி விரலை வைத்தார். கல் விழுந்த குளம்போல அவள் உடம்பு முழுதும் சிலிர்த்து அடங்கியது. அவள் கனைக்கவில்லை, உதைக்கவில்லை. தலையைத் திருப்பி, யாரென்று பார்த்தாள். பார்த்தது செயலாளரை.

"புண்ணு முழுசா ஆறணும். அதுவரைக்கும் யாரும் ஏறக் கூடாது," என்றார் மருத்துவர். "அப்புறமும் தலைவர் ஏறக் கூடாது. நீங்க சொல்வீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நான் சொல்றேன்," என்றார் செயலாளர். அந்த நேரத்தில் உண்மையாகவே சொல்லத்தான் நினைத்தார்.

நேரே ஓட்டுத் தொழிற்சாலைக்குப் போனார். வழியெல்லாம் வாக்கியத்தைத் தயாரித்துக்கொண்டே போனார். பேருந்தில் ஏறும்போது அது, "சார், அவ முதுகு புண்ணாயிடுச்சு, நீங்க ஏறினதாலதான்," என்று இருந்தது. தொழிற்சாலை வாசலில், "சார், அவளுக்கு முதுகுல சின்னப் பிரச்சினை," என்று இளைத்தது. தலைவர் தலையை நிமிர்த்தி, "என்ன?" என்றதும் இருந்த எலும்பும் கரைந்தது.

"டாக்டர் வந்திருந்தாங்க சார். சீமாட்டிக்கு ஓய்வு நல்லதுன்னு சொல்றாங்க."

"ஓய்வு யாருக்குத்தான் நல்லதில்ல? எனக்கும்தான் நல்லது. எடுக்கறேனா?"

"இல்ல சார்."

"ஞாயித்துக்கிழமை 'இரக்க நாள்'. நகர ஆணையர் வர்றார். அவர் முன்னாடி நான் வேற எதுல ஏறுவேன், ஸ்கூட்டர்லயா?"

"சரி சார்," என்றார் செயலாளர். திரும்பி வந்து மருத்துவரிடம், தலைவர் 'பரிசீலிப்பதாக'ச் சொன்னார்.

இரக்க நாள் சிறப்பாக நடந்தது. ஆணையர் வந்தார், நாற்காலிகள் நிரம்பின, செடிவளர்ப்பு அம்மையார் ஒரு செடி நட்டார். சீமாட்டியின் நெற்றியில் பூவும் புண்ணின் மேல் செம்மறித் தோலும் வைத்து அழைத்து வந்தார்கள். மரச்சட்டம் இல்லாத சேணத்துக்கு ஒரு குணம் உண்டு. ஒரே பக்கத்தில் கனம் இழுத்தால் பிடிமானம் இல்லாமல் அப்படியே சுழலும். அதனால் உயரமான மேடையில் நின்று மெதுவாக ஏற வேண்டும். ஆலோசகர் மேடையை அகற்றச் சொல்லிவிட்டார், மேடையும் மரமாம்.

தலைவர் இடதுகாலைச் சேணத்தில் தொங்கிய மிதிவளையத்தில் வைத்து, முழு இரக்கத்தையும் அதன்மேல் போட்டு எழும்பினார். சேணம் சுழன்றது. ஒரு கண நேரம் தலைவர் வானத்துக்கும் பூமிக்கும் நடுவே கிடைமட்டமாக இருந்தார். பிறகு சேணம் குதிரையின் வயிற்றுக்கடியில் போய் நின்றது, தலைவரோடு. ஒரு கால் வளையத்தில் மாட்டியிருந்தது. தலை அவளுடைய பின்னங்கால்களுக்கு மிக அருகில் இருந்தது.

அந்த மைதானத்தில் அன்று இரக்கம் இருந்தது என்றால் அது அப்போதுதான் தெரிந்தது. சீமாட்டி நினைத்திருந்தால் ஓர் உதையில் சங்கத்துக்குப் புதுத் தலைவர் தேர்தல் வந்திருக்கும். அவள் நான்கு கால்களையும் அகட்டி, ஊன்றி, நடுங்கிக்கொண்டே அசையாமல் நின்றாள். ஆட்கள் ஓடிவந்து வயிற்றுப் பட்டையை அறுத்துத் தலைவரை வெளியே இழுக்கும்வரை நின்றாள். தோல் விலகிய முதுகில் முன்வரிசையில் இருந்தவர்களுக்குப் புண் தெரிந்தது. ஆணையர் மரியாதையாகத் திரும்பி, நட்ட செடியைப் பார்க்கத் தொடங்கினார்.

மறுநாளே விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. உறுப்பினர்கள் தலைவர், ஆலோசகர், செயலாளர். மருத்துவர் 'நடுநிலை கருதி'ச் சேர்க்கப்படவில்லை. தலைவர் இடுப்பில் பட்டையுடன் வந்திருந்தார்.

"குற்றம் அவமேல இல்ல," என்றார் பெருந்தன்மையாக. "அவளுக்கு இன்னும் என்னோட ஒன்ற வரலை. அவ்வளவுதான்."

"நான் அவகிட்ட பேசினேன்," என்றார் ஆலோசகர். "போகணும்னு சொல்றா."

"எங்க போகணும்னு சொல்றா?" என்று கேட்டார் செயலாளர்.

"அதைச் சொல்லலை."

ஆகவே எங்கே என்பதைத் தலைவர் சொன்னார். குதிரைகளை இறைச்சிக்காக எடைக்கு எடுக்கும் தரகர் ஒருவர் அவருக்குத் தெரியும். அந்த வார்த்தையை யாரும் பயன்படுத்தவில்லை. 'விடுவிப்பு' என்றார்கள்.

செய்தி கேட்டதும் மருத்துவர், தானே அவளை வைத்துக்கொள்வதாகச் சொன்னார். தன் வீட்டுக்குப் பின்னால் இடம் இருக்கிறது, புல் இருக்கிறது, யாரும் ஏறப் போவதில்லை என்றார். தலைவர் இதைச் செயலாளரிடம் தனியாக விளக்கினார்.

"அந்தம்மா அவளை வாசல்ல கட்டி வெச்சு, வர்றவன் போறவனுக்கெல்லாம் முதுகைக் காட்டும். சங்கத்துப் பேர் என்ன ஆகறது? காலையில லாரி வரும். ஏத்தி விட்டுடுங்க."

லாரி வந்து நின்றபோது செயலாளரின் தொலைபேசி அடித்தது. மருத்துவர்தான். நகரின் மறுகோடியிலிருந்து வண்டியோடு புறப்பட்டுவிட்டார்.

"சார், நான் வர்ற வரைக்கும் மட்டும் பிடிச்சு வைங்க. ஏதாவது சொல்லுங்க, சாவி காணோம்னு சொல்லுங்க. மிச்சத்தை நான் பேசிக்கறேன்."

"பார்க்கறேன் டாக்டர்."

பார்த்தார். தரகர் லாரியில் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். அவசரப்படுகிற ஆளாகத் தெரியவில்லை. ஒரு தேநீர் வரவழைத்துக் கொடுத்திருந்தால் போதும், உட்கார்ந்திருப்பார். சீமாட்டி வழக்கம்போல ஜன்னலில் தலையை நீட்டி, மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செயலாளர் மேசையைப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். மணியைப் பார்த்தார். பிறகு அதை அடித்தார். ஆள் வந்தார்.

"ஏத்தச் சொல்லு," என்றார் செயலாளர்.

மருத்துவர் வந்து சேர்ந்தபோது லாயத்தில் அவள் இடம் காலியாக இருந்தது. அவர் கத்தவில்லை. வாசல்படியில் நின்று, "எந்தப் பக்கம் போச்சு சார்?" என்று மட்டும் கேட்டார். லாரி இடது பக்கம் திரும்பியதைச் செயலாளர் ஜன்னலிலிருந்து தெளிவாகப் பார்த்திருந்தார்.

"கவனிக்கலையே டாக்டர்."

அன்று மாலை மனைவி கேட்டாள். "அந்தக் குதிரை என்ன ஆச்சு?"

"விடுவிச்சாச்சு."

"எங்க?"

அவர் செய்தித்தாளைப் புரட்டினார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். வார்டில் நோயாளியின் உறவினர்கள் கேட்கத் தயங்குவதும் டாக்டர்கள் சொல்லத் தயங்குவதும் அவளுக்குப் பழகிய விஷயங்கள். மறுபடி கேட்கவில்லை. தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அதன்பின் மற்றக் குதிரைகளின் முதுகுகளும் ஒவ்வொன்றாகப் புண்ணாகி 'ஒன்றத்' தொடங்கின. சில படுத்துக்கொண்டன, சில ஏறியவர்களைக் குப்புறத் தள்ளின. மொத்த லாயத்துக்கும் ஓய்வு கொடுக்க வேண்டியதாயிற்று. ஆனால் உயர்ந்த கொள்கை குதிரை இல்லை என்பதற்காக நின்றுவிடாது. தலைவர் தச்சரை அழைத்து, குதிரை உயரத்துக்கு நல்ல தேக்கில் தாங்கிகள் செய்யச் சொன்னார். கூட்ட அறையில் வரிசையாக அவற்றை நிறுத்தி, மரமில்லாச் சேணங்களை மேலே மாட்டினார்கள். உறுப்பினர்கள் அவற்றில் ஏறிக் கண்ணை மூடி உட்கார்ந்தார்கள். தாங்கிகள் கடிக்கவில்லை, உதைக்கவில்லை, சாணி போடவில்லை. எல்லோரும் குதிரையோடு இவ்வளவு நெருக்கத்தை முன்னெப்போதும் உணர்ந்ததில்லை என்றார்கள். செடிவளர்ப்பு அம்மையார் மட்டும், இத்தனை தேக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்க வாயெடுத்து, ஏறி உட்கார்ந்தபின் மறந்துவிட்டார்.

சங்கத்தின் சேவையைப் பாராட்டி 'உயிர்நேயச் சங்கம்' என்ற விருது வந்தது. செயலாளர் துணைத்தலைவர் ஆனார். விருதுக்கான புகைப்படத்தில் முதல் சேணத்தில் அவரை உட்காரச் சொன்னார்கள். வாழ்க்கையில் முதன்முறையாகப் பயமில்லாமல் ஏறினார். புகைப்படக்காரர் விளக்கைத் தள்ளி வைத்தார், கிட்டே வைத்தார், எல்லோரையும் கனிவாகப் பார்க்கச் சொன்னார், கனிவு போதவில்லை என்று மறுபடி எடுத்தார். கால்களை அகட்டித் தொங்கவிட்டபடி துணைத்தலைவர் வெகுநேரம் கனிவாக இருந்தார்.

நொண்டிக்கொண்டே வீடு வந்தார். மனைவி சீருடைகூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்னங்க, ஏன் இழுத்து இழுத்து நடக்கறீங்க?"

"கால் ரெண்டும் மரத்துப்போச்சு," என்றார். "உணர்ச்சியே இல்ல."

அவரை உட்காரவைத்து, காலுறையைக் கழற்றி, பாதத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கட்டைவிரலை அழுத்தினாள். பிறகு கெண்டைக்காலில் நகம் பதியக் கிள்ளினாள். அவர் துள்ளிக் காலை இழுத்துக்கொண்டார்.

"வலிக்குதா?"

"வலிக்குது."

"அப்ப மரத்துப்போனது கால் இல்லைங்க," என்றாள் அவள். எழுந்து கைகழுவப் போனாள்.